சுவரில் ஒரு ஜீப்புக் கண்ணாடி

மருதாயியின் உள்ளங்கால்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள் கார்த்திகா. ஒரு கீறல் இல்லை. பழைய வெடிப்புகள்கூட எண்ணெய் ஊறி மிருதுவாகியிருந்தன.

சர்க்கரை, பிரஷர், முட்டுத் தேய்மானம் என்று மூன்றோடும் குடித்தனம் நடத்துகிறவர்களுக்கு, அன்றாட வேலைகளை எப்படிச் சமாளிப்பது என்று வீடு தேடி வந்து பழக்கிக் கொடுக்கும் தெரபிஸ்ட் அவள். போடியில் அப்படிப்பட்ட வீடுகளுக்கா பஞ்சம்?

மூன்று வாரத்துக்கு முன்னால் நிலைமை வேறு. மரத்துப்போன காலில் முள் ஏறியது மருதாயிக்கு இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. இன்னொரு புண் வந்தால் ஏலத்தோட்ட வேலையை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். முப்பது வருஷமாக மலையேறிக் காய் எடுத்தவள், அழுதே விட்டாள்.

தினமும் யாராவது உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். முட்டு மடங்காததால் அவளால் முடியாது. வீட்டில் இருப்பது கணவர் ஜக்கையன் ஒருவர்தான்.

தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்பு ஓட்டுகிறவர். மீசை காதைத் தொடும்.

“பொண்டாட்டி காலை நான் புடிக்கிறதா? தெருவுல ஒருத்தன் பாத்தாப் போதும் தாயி, போடிமெட்டு வரைக்கும் சிரிப்பாய்ங்க. ஒரு கண்ணாடி மாட்டித் தர்றேன், அவளே பாத்துக்கிருவா.”

சொன்னபடியே ஜீப்பின் பழைய சைடு கண்ணாடியைக் கட்டிலை ஒட்டிய சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்தார். கார்த்திகா கொடுத்திருந்த நோட்டில் இருபத்தொரு நாளும் டிக். மாத்திரை, நடை, கால், எதுவும் விடுபடவில்லை.

கார்த்திகாவுக்குப் பெருமை தாங்கவில்லை. மற்ற வீடுகளுக்கும் இந்தக் கண்ணாடி யோசனையைச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

குறிப்பெழுதுவதற்காக, கட்டிலின் கால்மாட்டில் கிடந்த முக்காலியில் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். முதலில் கண்ணாடியைப் படம் எடுத்துக்கொள்ளலாம் என்று போனோடு நிமிர்ந்தாள்.

அதில் கால் தெரியவில்லை. கொஞ்சம் சாய்ந்து பார்த்தாள். கட்டிலே தெரியவில்லை.

வாசல் தெரிந்தது. வாசலைத் தாண்டித் தெரு, முனை டீக்கடை வரைக்கும் பளிச்சென்று தெரிந்தது. முக்காலியில் உட்கார்ந்து காலைப் பார்ப்பவருக்கு, தெருவில் யார் வந்தாலும் எழுந்துகொள்ள நேரம் இருந்தது.

மருதாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு முகட்டைப் பார்த்தாள். வெளியே ஜக்கையன் துடைத்த ஜீப்பையே மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தார்.

கார்த்திகா போனை உள்ளே வைத்துவிட்டு நோட்டில் எழுதினாள்: கண்ணாடி சரியான இடத்தில்தான் இருக்கிறது.