நாலு மணி நாற்பது நிமிடம்

"ஏங்க, பெல்ட்டைக் கழட்டாதீங்க. இன்னும் மூணு மணி நேரம் இருக்கு."

மனைவி இதை மூன்றாவது தடவையாகச் சொல்லிவிட்டாள். டிரைவர் இடுப்பிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். முப்பத்தோரு வருஷம் தொலைதூரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற பிறகும் ஊருக்கே அவர் டிரைவர்தான். யாரோ ஓட்ட, தான் சும்மா உட்கார்ந்து போவது அவருக்குப் பழக்கமே இல்லாத சங்கதி.

மகள் இருக்கும் ஊர் மூவாயிரத்து இருநூறு கிலோமீட்டர். வானத்தில் நாலு மணி நாற்பது நிமிடம். அவருடைய பேருந்தில் போனால் நாலு நாள் ஆகும். ஆகட்டுமே, நடுவில் நாற்பது இடத்தில் நிறுத்திக் காலை நீட்டலாமே என்பது அவர் கட்சி.

மகளுக்கு இது ஒன்பதாம் மாதம். தலைப்பிரசவம். அப்பா பக்கத்தில் இருந்தே ஆகவேண்டும் என்று ஒரே பிடிவாதம். போன வருஷம் அவளைப் பார்க்கக் கிளம்பியவர், விமானத்தின் கதவைச் சாத்துவதற்குள் விழுந்தடித்து இறங்கி ஓடி வந்துவிட்டார். மகள் போனில் அழுத அழுகையை நினைத்தால் இன்னமும் அவருக்கு வெட்கமாக இருந்தது. இந்தத் தடவை உட்கார்ந்தே தீருவது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

இருக்கைகள் நெருக்கமாக இருந்தன. முழங்கால் முன்னால் இடித்தது. ஜன்னலோரத்துக் கனத்த ஆசாமி தூங்கிப்போய் இவர் தோளில் தலையைச் சாய்த்துவிட்டார். விடாத இரைச்சல் வேறு, காதை அடைத்தது.

வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவள் சாப்பாட்டுத் தட்டை நீட்டினாள். எந்த ஊரைத் தாண்டியிருப்போம் என்று டிரைவர் கேட்டார். கடலுக்கு மேலே இருக்கிறோம் என்றாள் சிரிக்காமல். ஓர் ஐந்து நிமிடம் ஓரமாக நிறுத்த முடியுமா என்று கெஞ்சிப் பார்த்தார்.

"அந்த வசதி இல்லை சார். சாப்பிடுங்க."

சாப்பிட்டார். கடிகாரத்தைப் பார்த்தார். வலது கால் தானாகவே தரையில் பிரேக்கைத் தேடியது. மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, குழந்தை யார் சாடையில் இருக்கும் என்று பேச்சுக் கொடுத்தாள். உம் கொட்டினாரே தவிர, காதில் எதுவும் ஏறவில்லை. இன்னும் ஒரு மணி நாற்பது நிமிடம் பாக்கி இருக்கும்போது பெல்ட்டைக் கழற்றிவிட்டார்.

"இதுக்கு மேல என்னால முடியாது. நான் இறங்கறேன்."

"நடுவழியிலயா?"

"எங்கேயா இருந்தா என்ன."

எழுந்தார். மனைவி தடுக்கவில்லை. நேராகக் கதவருகே போய், தாழ்ப்பாளை நீக்கி, அகலத் திறந்தார்.

"வெயில் சுடும். செருப்பைப் போட்டுக்கிட்டுப் போங்க மாமா" என்ற மருமகள், தள்ளுவண்டியைச் சமையலறையில் விட்டுவிட்டுப் போய் வாஷிங் மெஷினை நிறுத்தினாள்.

மனைவி பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பி அனுப்பிவிட்டு, நாற்காலிகளைச் சாப்பாட்டு மேஜைக்கே நகர்த்திப் போட்டுக்கொண்டே மகளுக்குப் போன் செய்தாள்: "நேத்து முக்கால் மணி நேரம்தான்டி. இன்னிக்கு முழுசா மூணு மணி நேரம் உட்கார்ந்துட்டார். டிக்கெட் போட்ட தேதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கே, உங்கப்பா வந்துடுவார்."