பேர் சொல்லாத போன்

"போன் பண்ணினது யாருன்னு என் வாயால வேற சொல்லணுமா?" என்று எஸ்கோ கேட்டதும், ஊர்ப் பொதுக்கூடத்திலிருந்த அத்தனை தலைகளும் ஐலா பக்கம் திரும்பின.

ஐலா பட்டாணி சூப்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள். இருநூறு பேருக்கான சூப். அதைக் குடிக்க வேண்டிய இருநூறு பேரும் இந்நேரம் உறைந்த ஏரியின் மேல் ஆளுக்கொரு ஓட்டை போட்டு, தூண்டிலோடு உட்கார்ந்திருக்க வேண்டும். ஃபின்லாந்திலேயே இப்படி ஒரு மீன்பிடிப் போட்டி கிடையாது என்பது அந்த ஊர்க்காரர்களின் நினைப்பு. பக்கத்து ஊர்க்காரர்களுக்கும் அதே நினைப்பு, அவர்கள் போட்டியைப் பற்றி.

காலை ஏழு மணிக்கு யாரோ அவசர உதவிக்குப் போன் செய்துவிட்டார்கள். மீட்புப் படை வந்தது. ஐஸை நாலு இடத்தில் துளைத்துப் பார்த்தது. "ஒருத்தரும் இறங்கக் கூடாது" என்று கரையோரம் நாடா கட்டிவிட்டுப் போய்விட்டது.

போன் செய்த ஆள் பேர் சொல்லவில்லை.

"நான் பண்ணலை" என்றாள் ஐலா, பானையைப் பார்த்துக்கொண்டே.

"ஆமாமா. குப்பைப் பை பண்ணியிருக்கும்!"

கூடமே சிரித்தது.

போன குளிர்காலத்தில், ஏரி நடுவே ஒரு ஆள் விழுந்து கிடக்கிறான் என்று பதறிப்போய் ஐலா போன் செய்தாள். இரண்டு வண்டியும் ஒரு ஹெலிகாப்டரும் வந்தன. கிடந்தது, காற்றில் பறந்து வந்த கறுப்புக் குப்பைப் பை. அன்று மாலைக்குள் அவளுக்கு 'குப்பைப் பை ஐலா' என்று பேராகிவிட்டது. பேர் வைத்தவன் எஸ்கோ. பள்ளிக்கூடத்தில் அவளோடு ஒரே பெஞ்சில் படித்தவன். இப்போது தூண்டில் கடை முதலாளி, போட்டிக் குழுத் தலைவர். வாய்க்குப் பஞ்சமில்லாதவன்.

"அவ கழுத்தைப் பாருங்க" என்று ஐலாவின் பக்கத்து வீட்டு ஹன்னு எடுத்துக் கொடுத்தான். ஐஸ் உடைந்து விழுந்தால் குத்திப் பிடித்து ஏறுவதற்கான இரண்டு கூர்முனைகள், கயிற்றில் கோத்து ஐலாவின் கழுத்தில் தொங்கின.

"சூப் பானைக்குள்ள விழுந்தா ஏறி வரணும்ல!" என்றான் எஸ்கோ. மறுபடி சிரிப்பு. "ரேடியோவுல நானே சொன்னேன், இந்த ஐஸ் மேல ரயிலே ஓட்டலாம்னு. ஏதோ ஒரு மூலைல மெலிசா இருக்கும். அதுக்காக ஏரியையே மூடுவாங்களா? எல்லாம் இந்த மகராசி பண்ணின வேலை."

"போட்டி இல்லேன்னு என் பொண்ணு காலைலேர்ந்து அழுதுட்டிருக்கா" என்றாள் ஒரு தாய். "புள்ள குட்டி இருந்தாத்தானே உனக்குத் தெரியும்."

ஐலா கரண்டியைப் பானை விளிம்பில் தட்டிவிட்டு வைத்தாள்.

"உப்பு போட்டாச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

பிற்பகல் மூன்று மணிக்கு அவள் வீட்டுப் பின்கதவை யாரோ தட்டினார்கள். திறந்தால் எஸ்கோ. கையில் ஒரு தூக்குவாளி.

"சூப் மிஞ்சிடுச்சு."

"முன்வாசல் என்ன ஆச்சு?"

"ஹன்னு வீட்டு ஜன்னல் அந்தப் பக்கம்தானே?"

பூட்ஸைக் கழற்றிவிட்டு வந்து, சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தான்.

"நான்தான் போன் பண்ணினேன், ஐலா."

அவள் வாளியை வாங்கி மேஜை மேல் வைத்தாள்.

"விடியக்காலைல இடத்தைப் பார்த்துக் கொடி நடலாம்னு தனியாப் போனேன். மேல பனி கம்பளி மாதிரி மூடியிருக்கு. கீழ ஐஸ் சரியா உறையவே இல்ல. ஆறு வந்து சேர்ற இடம் வேற. சட்டுனு இடுப்பு வரைக்கும் உள்ள போயிட்டேன். எப்படி மேல வந்தேன்னு எனக்கே தெரியல. வயித்தால ஊர்ந்தே கரைக்கு வந்து சேர்ந்தேன்."

"இதைக் கூடத்துல சொல்றதுக்கென்ன?"

"எப்படிச் சொல்றது? ரேடியோவுல ரயில் ஓட்டினவனாச்சே!"

"அதனால என்னைப் பிடிச்சுக்கிட்டியா?"

"உன் பேர் சொன்னா யாரும் மறுபேச்சுப் பேச மாட்டாங்க. உடனே நம்பிடுவாங்க" என்றான், ஏதோ நற்சான்றிதழ் கொடுப்பவனைப் போல. பிறகு குரலை இறக்கி, "அடுத்த வருஷமும் இந்த மாதிரி ஏதாவது ஆச்சுன்னா, உன் பேரையே... உனக்கொண்ணும் புதுசில்லையே?"

ஐலா வாளியைத் திறந்து சூப்பை அடுப்பில் வைத்தாள். சூடு ஏறும்வரை அவனைப் பார்க்கவே இல்லை.

"நேத்து சாயங்காலம் ஸ்கூல் பஸ்ஸை ஓட்டி முடிச்சு ஷெட்டுல விட்டுட்டு அந்த வழியாத்தான் வந்தேன், எஸ்கோ. நீ விழுந்த இடம்தான். பனி மேல தண்ணி ஊறிக் கறுத்துப் போய்க் கிடந்தது."

எஸ்கோ நிமிர்ந்தான். "பார்த்தியா? பார்த்துட்டு ஏன் போன் பண்ணலை? நான் செத்திருப்பேனே!"

"போனைக் கையில எடுத்தேன்" என்றாள் ஐலா. "நீ சிரிப்பேன்னு வெச்சுட்டேன்."