மன்னிப்புப் பாடம்

"மாட்டேன்னு சொல்லச் சொல்லி நீங்கதான் சொல்லிக்குடுத்தீங்களாமா?"

தலைமையாசிரியை கேட்டார். குரல் உயரவில்லை.

அவள் ஆமென்று தலையசைத்தாள்.

ஒரு தொண்டு நிறுவனம் அவளை வாராவாரம் அந்தப் பள்ளிக்கு அனுப்புகிறது. கணக்கோ அறிவியலோ அல்ல அவள் பாடம். கோபம் வந்தால் என்ன செய்வது. பயத்தை எப்படி வெளியே சொல்வது. பிடிக்காததை எப்படி மறுப்பது.

போன வாரம் மறுப்பது.

நிமிர்ந்து நில். கண்ணைப் பார். கத்தாதே. எனக்கு இது பிடிக்கவில்லை, செய்யமாட்டேன் என்று சொல்.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஜோடி ஜோடியாக நின்று சொல்லிப் பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

தர்ணிகா மட்டும் சிரிக்கவில்லை.

இன்று காலை ஆசிரியர்களின் கழிப்பறையைக் கழுவிவிட்டு வரச் சொன்னபோது தர்ணிகா நிமிர்ந்து நின்றிருக்கிறாள். தலைமையாசிரியையின் கண்ணைப் பார்த்திருக்கிறாள்.

கத்தவில்லை.

கழுவ அனுப்பப்படுவது எப்போதும் அதே மூன்று சிறுமிகள்தான். மூவரும் வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் தெருவிலிருந்து வருகிறவர்கள்.

பாடம் எடுக்க வந்த இத்தனை மாதங்களில் அவள் அதைக் கவனித்ததில்லை. கழுவிவிட்ட கழிப்பறைக்குத்தான் அவளும் போய்வந்தாள்.

"பிரேயர்ல எல்லார் முன்னாலயும் மாட்டேன்னு சொல்லிப்போட்டா அவ. எனக்கு எப்படி இருக்கும்? அவ மன்னிப்புக் கேக்கோணும். நீங்களே கூட்டிட்டு வாங்க. இல்லீன்னா உங்க கிளாசே இங்க வேண்டாங்க."

தர்ணிகா வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வகுப்பு நின்றுபோனால் எல்லாப் பிள்ளைகளுக்கும்தானே நஷ்டம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டே அவள் பிள்ளையிடம் போனாள். அது உண்மையும்கூட.

குனிந்து, தணிந்த குரலில் பேசினாள்.

"மன்னிப்புக் கேட்டுடும்மா. என்ன செஞ்சேன்னு சொல்லு. அவங்களுக்கு எப்படி இருந்திருக்கும்னு சொல்லு. இனிமே என்ன செய்வேன்னு சொல்லு. அவ்வளவுதான்."

"மனசுல இருக்கறதையே சொல்லோணுங்களா மிஸ்?"

வேறு நாளாக இருந்தால் இந்தக் கேள்விக்கு அவள் மகிழ்ந்திருப்பாள்.

"ஆமா. அப்பத்தான் அது மன்னிப்பு."

உள்ளே போனார்கள்.

தர்ணிகா மேசைக்கு எதிரே நின்றாள். கையைக் கட்டிக்கொள்ளவில்லை.

"நான் மாட்டேன்னு சொல்லிப்போட்டனுங்க டீச்சர்."

தலைமையாசிரியை காத்திருந்தார்.

"எல்லாரும் பாத்தாங்க. உங்களுக்குச் சங்கடமா இருந்திருக்கும். மன்னிச்சுக்கோங்க."

அவர் முகம் இளகியது.

"செரி. இனிமே?"

"இனிமே எல்லார் முன்னாலயும் சொல்லமாட்டனுங்க."

"ம்."

"தனியா வந்து சொல்றனுங்க. மாட்டேன்னு."



தலைமையாசிரியை தர்ணிகாவைப் பார்க்கவில்லை. வகுப்பெடுப்பவள் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்க மேடம். இதுக்குப் பேரு மன்னிப்புங்களா?"

என்ன சொன்னால் வகுப்பு நிலைக்கும் என்று அவளுக்குத் தெரியும். பிள்ளையைக் கொஞ்சம் அதட்டினால் போதும். அதட்டல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

தர்ணிகா அவளை அண்ணாந்து பார்த்தாள். சரியாகத்தானே சொன்னேன் என்ற பார்வை. வேறு எதுவும் அதில் இல்லை.

"ஆமாங்க," என்றாள். "மன்னிப்புதான்."

தன் குரல் இவ்வளவு மெல்லியதாக வருமென்று அவள் நினைக்கவில்லை.

"அப்ப நீங்க கிளம்பலாங்க."

பையை எடுத்துக்கொண்டாள். யாரிடமும் விடைபெறத் தோன்றவில்லை.

வாசலை மறித்துக்கொண்டு இரண்டு சிறுமிகள் நின்றார்கள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் தெருவின் மற்ற இருவர். வந்து வெகுநேரம் ஆகியிருக்க வேண்டும். ஒருத்தியின் கை மற்றவளின் பாவாடையை இறுக்கிப் பிடித்திருந்தது.

"உள்ள வர்லாங்களா டீச்சர்?" என்றாள் முன்னால் நின்ற கோபிகா.

கேட்டுக்கொண்டே வந்துவிட்டார்கள். தர்ணிகாவுக்குப் பக்கத்தில் போய் நின்றார்கள்.

"நாங்களும் மன்னிப்புக் கேக்கோணுங்க."

தலைமையாசிரியை மூவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்க என்ன பண்ணுனீங்க?"

கோபிகா நிமிர்ந்தாள்.

"இன்னும் பண்ணலீங்க டீச்சர்."