அக்காளின் சாட்சி

லாபான் அண்ணன் மாவுச் சாக்குக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார்.

இது கடைசிக் கூடாரம். மருமகன் யாக்கோபின் கூடாரம் முடிந்தது. மூத்த மகள் லேயாளுடையது முடிந்தது. வேலைக்காரிகளின் மூட்டையைக்கூட விடவில்லை. மிச்சம் இருந்தது இளையவள் ராகேலுடையது மட்டும்.

தேடியது வீட்டுச் சாமிகளை. கையகலச் சிலைகள் நாலு.

இரண்டு பெண்டாட்டிகளையும் பிள்ளைகளையும் மந்தையையும் கிளப்பிக்கொண்டு யாக்கோபு எங்கள் ஊரான ஆரானைவிட்டுச் சொல்லாமல் கிளம்பினான். அன்றே சாமிகளும் கிளம்பிவிட்டன. ஏழு நாள் துரத்தி, கீலேயாத் மலையில் பிடித்தோம்.

நான் அண்ணனுக்குச் சித்தப்பா மகன். ஒட்டக வியாபாரி. கைகலப்பு வந்தால் பக்கத்தில் ஆள் வேண்டுமே என்று கூட்டி வந்தார். நான் வந்தது வேடிக்கை பார்க்க.

திருட்டுப் பட்டம் என்றதும் யாக்கோபுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

“உங்க சாமி யார்கிட்ட இருக்கோ, அவங்க உசுரோட இருக்க வேண்டாம். எல்லார் முன்னாலயும் சொல்றேன், தேடிக்கோங்க!”

தன் மூட்டையில் என்ன இருக்கிறது என்று தெரியாமலே சத்தியம் செய்கிறவர்களைச் சந்தையில் நிறைய பார்த்திருக்கிறேன். ஒருத்தரும் லாபத்தோடு வீடு போனதில்லை.

ராகேல் கூடாரத்துக்கு நடுவே ஒட்டகச் சேணத்தின் மேல் உட்கார்ந்திருந்தாள். அப்பா உள்ளே வந்தும் எழுந்திருக்கவில்லை.

“கோவிச்சுக்காதீங்கப்பா. எந்திரிக்க முடியல. நான் தூரம்.”

அதோடு நிறுத்தியிருக்கலாம். வயிற்று வலி என்றாள். இடுப்பு கடுக்கிறது என்றாள். நேற்று ஒரு வாய் ரொட்டிகூட இறங்கவில்லை என்றாள்.

கேட்காத கேள்விக்கெல்லாம் ஒருத்தன் பதில் சொன்னால், நான் அவன் ஒட்டகத்தின் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பேன்.

சேணத்தைப் பார்த்தேன். ஆள் உட்கார்ந்தால் நடுவில் பள்ளம் விழ வேண்டும். விழவில்லை. உள்ளே எதையோ திணித்திருக்கிறாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. சின்ன வயதில் நான் தோளில் தூக்கித் திரிந்த பெண்.

அண்ணனும் லேசுப்பட்ட ஆளா? ஒரே ஒருவர் பேச்சை நம்பி ஒரு கட்டுக் கம்பளிகூட வாங்காதவர். மாவுக் கையோடு வாசல் பக்கம் திரும்பினார்.

“லேயா! இவ சொல்றது நெசமா?”

லேயாள் வாசலில்தான் நின்றிருந்தாள். இடுப்பில் கடைக்குட்டி தீனாள், வாயில் உலர்ந்த திராட்சை.

பெண்களுக்குத் தூரத்துணி அலசும் இடம் எல்லாருக்கும் ஒன்றுதான். தங்கைக்கு எந்த நாள் என்று அக்காளுக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை.

ராகேலின் முகத்தில் ரத்தமே இல்லை.

எனக்கு ஆவல் தாங்கவில்லை. பதின்மூன்று வருடத்துக்கு முன்னால், ராகேலைத் தருவதாகச் சொல்லிவிட்டு, முக்காட்டுக்குள் லேயாளை உட்காரவைத்து யாக்கோபுக்குக் கட்டிக்கொடுத்தார் அண்ணன். காலையில் முக்காடு விலகியதும் மாப்பிள்ளை போட்ட கூச்சல் தெருக்கோடி வரை கேட்டது. அடுத்த வாரமே ராகேலையும் கட்டிக்கொண்டான்.

அதற்குப் பிறகு லேயாள் அவனுக்கு ஆறு ஆண்பிள்ளை பெற்றாள். அவன் பார்வை மட்டும் தங்கையின் கூடாரத்தைத் தாண்டி வரவே இல்லை.

இன்று ‘இல்லை’ என்ற ஒரு சொல் போதும். தீர்ப்பைப் புருஷனே சொல்லி வைத்திருக்கிறான்.

லேயாளுக்குக் கண் கூசும். எதையும் இடுக்கிக்கொண்டுதான் பார்ப்பாள். தங்கையைப் பார்த்தாள். சேணத்தைப் பார்த்தாள். அதைக் கொஞ்சம் அதிக நேரமே பார்த்தாள்.

“ஆமாப்பா. நேத்து சாயங்காலத்துலேர்ந்து. சந்தேகமா இருந்தா துணிய எடுத்துக் காட்டச் சொல்லட்டுமா?”

“சீ சீ, போதும் போதும்!”

நாற்பது வருடமாக யாரிடமும் தோற்காத வியாபாரி, மாவுக் கையை அங்கியில் துடைத்துக்கொண்டு வெளியே ஓடினார். ஓடியவரை யாக்கோபு பிடித்துக்கொண்டான். “கெடச்சுதா? எங்க, எடுத்து வைங்க பாக்கலாம்!” என்று அவன் குரல் மலையெல்லாம் எதிரொலித்தது.

ராகேலுக்கு அழவும் வரவில்லை, சிரிக்கவும் வரவில்லை. “அக்கா...” என்றாள்.

லேயாள் வெளியே நடந்தாள். தாகம் என்று சொல்லிக்கொண்டு நானும் பின்னால் போனேன். தோற்பையைச் சாய்த்து என் கையில் தண்ணீர் விட்டாள்.

குடித்துவிட்டு, தாடியைத் துடைத்தபடி மெல்லக் கேட்டேன்.

“ஏம்மா, ஒரே வார்த்தைல புருஷன் மொத்தமா ஒனக்கே ஆயிருப்பானே?”

லேயாள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள். கண்ணை இடுக்கி, தூரத்தில் கையை ஆட்டிக் கத்திக்கொண்டிருந்த யாக்கோபைப் பார்த்தாள்.

“நீங்க வியாபாரிதானே சித்தப்பா, இதுகூடவா தெரியல? இன்னிக்கு அவ செத்தா, அவர் கண்ணுக்குக் கடைசி வரைக்கும் இதே அழகோடதான் நிப்பா. உசுரோட இருந்தாத்தானே அவளுக்கும் வயசாகும்.”