மூடிக்குள் ஒரு கண்

"அவனைக் கையும் களவுமா பிடிக்கணும்மா. ஈவு இரக்கமே பாக்காதே!" என்றார் மாமனார், வாக்குவம் கிளீனர் குழாயைத் துப்பாக்கி மாதிரி நீட்டிப் பிடித்தபடி.

சாப்பாட்டு மேஜையில் பாதியை அடைத்துக்கொண்டிருந்த மில்லிங் மிஷின், மருமகள் கம்ப்யூட்டரில் வரைந்த சர்க்யூட்டைச் செம்புத் தகட்டில் கீறிக்கொண்டிருந்தது. பறந்த தூளை அவர் உறிஞ்சி எடுத்தார்.

ஸ்டோர் ரூமில் வைத்த சாக்லேட் டின் நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே வந்தது. மாமனாரோ சர்க்கரைக்காரர்; டாக்டர் மிரட்டியதிலிருந்து வெறும் காபியைக்கூட முகம் சுளிக்காமல் குடிக்கிற உத்தமர். மிச்சம் யார்? அவள் புருஷன்தான்.

"நானா? நிரூபி பாப்போம்!" என்று அவனும் மல்லுக்கு நின்றான். "ஞாயித்துக்கிழமைக்குள்ள திருடனைப் பிடி. இல்லேன்னா மிஷின் வெளிய. மடியில தட்டை வெச்சு சாப்பிட்டு முதுகே போச்சு."

ஆசை ஆசையாக வாங்கிய மிஷின். விடுவாளா?

முதல் போர்டு சொதப்பியது. டிசைனை இடம் வலமாகத் திருப்பிப் போட மறந்துவிட்டாள். சிப்பின் முதல் கால் நிற்க வேண்டிய இடத்தில் எட்டாவது கால் நின்றது. அது குப்பைக்குப் போக, இரண்டாவதை மாமனார் இடுக்கியால் பிடித்துக்கொள்ள, ஒவ்வொரு காலாக சால்டர் வைத்தாள்.

பேட்டரியை மாட்டியதுதான் தாமதம், போர்டு வீடே அதிரக் கத்தியது.

"ஐயோ, காது போச்சு!" மாமனார் போர்டை உள்ளங்கையால் பொத்தினார். கப்சிப்.

"மூடியைத் திறந்தது இதுக்கு எப்படிம்மா தெரியும்?"

"இந்தத் துளியூண்டு கண்ணு இருக்கே, அது பாத்துடும் மாமா."

"பலே! குடு, டின் மூடிக்கு உள்பக்கமா நானே ஒட்டிடறேன்."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. போர்டு ஒரு முறைகூட வாய் திறக்கவில்லை. டின் மட்டும் பாதிக்கு மேல் காலி.

"மிஷினை பேக் பண்ணலாமா, மேடம்?" புருஷன் அட்டைப்பெட்டியும் கையுமாக, பல்லெல்லாம் தெரிய நின்றான்.

"பேட்டரி போயிருக்கும். இரு, பாத்துட்டு வர்றேன்."

"சாக்கு சொல்லாதே!" என்று அவனும் பின்னாலேயே வந்தான்.

ஸ்டோர் ரூமுக்கு ஜன்னல் கிடையாது. சாத்தியிருந்த கதவுக்கு வெளியே இருந்த ஸ்விட்சில் அவள் விரல் வைக்கவும், உள்ளே இருட்டிலிருந்து, வாய் கொள்ளாமல் எதையோ குதப்பிக்கொண்டு மாமனாரின் குரல் பதறியது:

"லைட்டைப் போட்டுடாதேம்மா... மூடி தொறந்திருக்கு!"