அப்படி ஒருவரும் இல்லை

"அப்பிடி ஒருத்தரும் இங்க இல்லை எண்டு கோட்டில இருந்து வந்த ஆக்களுக்குச் சொன்னது நீங்களோ, அன்ரி?"

வாசலில் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நின்று கேட்டான் றமேஷ்.

கொழும்பு, கொட்டாஞ்சேனையில் எவ்லினின் இந்த வீட்டில் ஏழு வருடம் அறை எடுத்து இருந்தவன் அவன். கல்யாணம் முடித்து வெள்ளவத்தைக்குப் போன பிறகும் அடையாள அட்டையில் விலாசத்தை மாற்றவில்லை.

"ஓம் மகன், நான்தான் சொன்னனான்," என்றார் எவ்லின். "உள்ளுக்கு வாவன்."

"நான் இருக்க வரேல்லை."

கோபம் வராமல் என்ன செய்யும்? வெள்ளவத்தையில் ஒரு பிளாட்டுக்கு அட்வான்ஸ் கட்டிவிட்டான். மனைவி திரைச்சீலைத் துணிகூடப் பார்த்து வைத்துவிட்டாள். கடன் தருவதாக இருந்த வங்கி, அவன்மேல் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று இருக்கிறதென்று கையை விரித்துவிட்டது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது.

பிணைக் கையெழுத்துப் போடுவதென்றால் நம் ஆட்களுக்குக் கை தாராளம். கூட வேலை செய்த ஒருவனின் வான் வண்டி லீசிங் கடனுக்கு றமேஷும் போட்டான். அவன் பணம் கட்டாமல் வெளிநாட்டுக்கு ஓடிவிட, கம்பனி பிணைக்காரன்மேலும் வழக்குப் போட்டது. அழைப்பாணை வந்தது இந்தப் பழைய விலாசத்துக்கு. ஆளில்லாமலே விசாரித்து, ஆளில்லாமலே தீர்ப்பும் சொல்லியாயிற்று.

"லோயர் என்னைப் பாத்துச் சிரிக்கிறார், அன்ரி. 'வீட்டு உறுதிப் பத்திரத்தை முப்பது வருஷம் பின்னுக்குத் தேடினனீங்கள், உங்கட பேரை ஒருக்காத் தேடிப் பாத்தனீங்களோ?' எண்டு கேக்கிறார். அப்பவே தெரிஞ்சிருந்தா மூண்டு லட்சத்தோட முடிச்சிருப்பன். இப்ப வட்டியோட மூண்டு மடங்கு. இந்த மாசம் மிச்சக் காசு குடுக்காட்டி அட்வான்ஸும் போச்சு, வீடும் போச்சு."

அவன் கதவைத் தடவிப் பார்த்தான்.

"பிறகு கதவில நோட்டீஸ் ஒட்டினவையாம். அது எங்க?"

"கிழிச்சனான். பசையையும் தண்ணி ஊத்தி உரஞ்சிக் கழுவினனான். உன்ட பேர் தெருவில போறவன் வாறவனுக்கெல்லாம் தெரியத் தேவையில்லை."

அன்ரிக்குக் குற்ற உணர்ச்சி மருந்துக்கும் இல்லை. அவனுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

"எனக்கொரு கோல் எடுத்திருக்கலாம்தானே?"

"போனில கதைக்கிற விஷயமா அது? நேரில வந்தாச் சொல்லுவம் எண்டு இருந்தன். ஒவ்வொரு நத்தாருக்கும் உனக்குக் கேக் எடுத்து வச்சுப் பாத்துக்கொண்டிருந்தன். நீ எங்க வந்தாய்?"

"கதையை மாத்தாதேங்கோ. ஏழு வருஷம் உங்கட கையால சாப்பிட்டவன் நான். என்ர பேர் உங்களுக்குத் தெரியாதோ?"

இப்போது எவ்லினுக்கும் கோபம் வந்துவிட்டது.

"தெரிஞ்சபடியாத்தான் சொன்னனான். ரெண்டு பேர் வந்து சிங்களத்தில உன்ட முழுப்பேரையும் சொல்லி, ஆள் எங்க எண்டு கேட்டாங்க. கையில என்ன கடுதாசி எண்டெல்லாம் நான் பாக்கேல்லை. 'இந்தாங்க, அவன்ட புது விலாசம்' எண்டு எழுதிக் குடுக்கச் சொல்லுறியா?"

"குடுத்திருக்கத்தான் வேணும். சண்டை முடிஞ்சு எவ்வளவு காலம், அன்ரி? இன்னும் உங்களுக்கு உண்மையைச் சொல்லப் பயமோ? உங்கட பயத்துக்கு நானோ தெண்டம் கட்டுறது?"

எவ்லின் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"சண்டைக் காலத்திலயும் ஒருக்கா உன்னைக் கேட்டு வந்தாங்க. ஆக்களைப் பிடிச்சுக்கொண்டு போற, நம்பர் இல்லாத வெள்ளை வான். நீ காய்ச்சலெண்டு உள்ளறையில படுத்திருந்தாய். அண்டைக்கும் இதைத்தான் சொன்னனான். நீ பயந்துபோவாய் எண்டு உனக்கு மூச்சு விடேல்லை."

"எப்ப அன்ரி?"

எவ்லின் முன்வீட்டுப் பக்கம் தலையை அசைத்தார்.

"அடுத்ததா அங்கதான் போய்த் தட்டி, செலீன்ட மகனைக் கேட்டாங்க. செலீனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. 'ஓம், உள்ளுக்குத்தான் நிக்கிறான்' எண்டு சொல்லி, தானே மகனைக் கூப்பிட்டு விட்டவ. றொபேட் இண்டுவரைக்கும் வரேல்லை."