பையன் பக்கத்துச் சாட்சி

திருத்தணி மலைமேல் இன்னொரு காதல் கல்யாணம் முடிந்தது. பையன் பக்கத்துச் சாட்சியாக வந்த கௌதமன், தலையில் விழுந்த அட்சதையை உதறிக்கொண்டே பெண் பக்கத்துச் சாட்சி ஹேமாவதியிடம் புலம்பினான்.

“வீட்ல சொல்லாம ஓடியாறவன் எல்லாம் சாட்சிக்கு என்னையே கூப்பிடறான்ங்க. இன்னிக்கு மாப்பிள்ளை பேரே மாலை மாத்தும்போதுதான் தெரிஞ்சுது. என் மூஞ்சில கல்யாணக் களையே இல்ல போல.”

“எந்தப் பொண்ணையாச்சும் கேட்டுப் பாத்தீங்களா?”

“யார்னா சிக்கணுமே!”

ஹேமாவதி பிரசாதப் பொட்டலத்தை அவன் கையில் திணித்தாள்.

“எல்லாக் கல்யாணத்துலயும் பொண்ணு பக்கம் யாருங்க சாட்சி?”

“நீங்கதான்.”

“ஆங். உங்களைக் கூட்டினு வரச் சொல்றதும் நான்தான். இன்னும் எத்தினி பேருக்குக் கல்யாணம் பண்ணி வெச்சா உங்களுக்குப் புரியும்?”